நாற்பது நிமிட நற்சான்று

தேம்ஸ் நதியின் இரு கரையிலும் வாழும் தமிழர்களுக்குள், யார் எதைச் சொன்னாலும் நம்ப மறுத்த ஒரே மனிதன் மூன்று வருடம் எங்கள் வீட்டில் குடியிருந்தான். பால் முடிந்துவிட்டது என்று என் மனைவி பவானி சொன்னால், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, பால் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான்.

"முடியேல்லை அன்ரி. ஒரு தேத்தண்ணிக்குக் கிடக்கு. ரெண்டுக்குக் காணாது."

"அதைத்தானே தம்பி முடிஞ்சுது எண்டு சொன்னனான்."

"அப்ப ரெண்டுக்குக் காணாது எண்டு சொல்லியிருக்கலாமே அன்ரி."

பவானி அவனைப் பார்க்கமாட்டாள். என்னைத்தான் பார்ப்பாள். இந்தச் சீவனை வீட்டுக்குள் விட்டது யார் என்ற பார்வை அது.

விட்டது நான்தான். லண்டனின் ஹரோவில் எங்கள் வீட்டு மேல்மாடியில் ஒரு சிறிய அறை உண்டு. வீட்டை விற்ற முகவர் அதைப் படுக்கையறை என்று சொன்னார். கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து புலமைப்பரிசிலில் ஆராய்ச்சிக்கு வந்தவன், எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்த ஒருவரின் மகன், அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ஆளுக்கும் ஒரு கொம்பியூட்டருக்கும் காணும்" என்றான். இரண்டில் எது கட்டிலில் படுக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்துப் பதில் சொல்லியிருப்பான்.

வந்த இரண்டாம் கிழமையே அவனுக்கு 'நிறுவுக' என்று பெயர் வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் கணிதம் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் உள்ளங்கை வியர்க்கும். சோதனைத் தாளில் ஒரு முக்கோணியைக் கீறி, இந்தக் கோணமும் அந்தக் கோணமும் சமன் என நிறுவுக என்று கேட்டிருப்பார்கள். பார்த்தாலே சமன் என்று தெரிகிறதே, பிறகென்ன நிறுவுவது என்று கேட்டுத்தான் நான் மூன்று தடவை தோற்றேன். தோற்றவர்களுக்கென்று உலகம் சில உத்தியோகங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. நான் இங்குள்ள நகரசபையான கவுன்சிலில் வேலை செய்கிறேன். கண்ட இடத்தில் காரை நிறுத்தித் தண்டம் வாங்கியவர்கள் அனுப்பும் முறையீடுகளை வாசிப்பது என் வேலை. 'அந்த நிமிடத்தில் என் மனைவிக்குப் பிரசவ வலி' என்று ஒரே மனிதர் ஒரே வருடத்தில் நான்கு தடவை எழுதியதை வாசித்தவன் நான். ஆகவே எதையும் நம்பாத ஒருவன் வீட்டில் இருப்பது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

பவானிக்கு இல்லை. எங்கள் குளியலறைக்கு அவள் சில சட்டங்கள் எழுதி ஒட்டியிருந்தாள். வெளியே வரமுன் கை கழுவ வேண்டும். கை கழுவியபின், வெளியே வரமுன், லைற்றை அணைக்க வேண்டும். இங்கே லைற்றுக்குச் சுவிச்சு இல்லை, கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும், அதை இழுக்க வேண்டும். ஈரக் கையால் அந்தக் கயிற்றைத் தொடக்கூடாது, கறுத்துப்போகும். கை துடைக்கும் துவாய்களைக் குளியலறைக்குள் வைக்கக்கூடாது, ஈரத்தில் புழுங்கி மணக்கும். ஒரு நாள் காலை நிறுவுக அரைமணி நேரமாக வெளியே வரவில்லை. பவானி கதவைத் தட்டினாள்.

"தம்பி, என்ன, வயித்துக்கை ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை அன்ரி. உங்கட சட்டப்படி இதுக்குள்ள வந்த ஒருத்தரும் உடன வெளியில வர ஏலாது. நாலு சட்டத்தையும் சேத்துப் பாத்தனான். கை காயுமட்டும் நிக்கிறன்."

"கால்சட்டையிலை துடைச்சுப்போட்டு வாரும் தம்பி!"

"அது சட்டத்தில இல்லை அன்ரி."

அன்றே ஐந்தாவது சட்டம் எழுதப்பட்டது. எழுதியவன் அவன். கையொப்பமிட்டவள் பவானி.

அவனுடைய ஆராய்ச்சி என்னவென்று நான் நெடுநாள் கேட்கவில்லை. கேட்டபோது நன்றாகத்தான் சொன்னான். "கணக்குப் புத்தகம் எழுதுற ஆக்கள் ஒரு கள்ளம் செய்வினம் அங்கிள். கஷ்டமான இடம் வந்தால் 'இது தெளிவு' எண்டு எழுதிப்போட்டு அடுத்த வரிக்குப் போயிடுவினம். ஆனா கொம்பியூட்டருக்குத் தெளிவு எண்டு ஒண்டும் இல்லை. ஒவ்வொரு படியையும் காட்டினால்தான் ஒத்துக்கொள்ளும். மனுசர் பாய்ஞ்சு கடந்த அந்தப் படிகளைக் கொம்பியூட்டரே தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதுறன்."

"கண்டுபிடிக்குதோ?"

"அரைவாசி இடத்தில கண்டுபிடிக்குது. மிச்ச அரைவாசியில, 'இது தெளிவு' எண்டு எழுதினவருக்கே தெளிவில்லை எண்டு கண்டுபிடிக்குது."

அதனால் அந்தச் சின்ன அறையிலிருந்து நாள் முழுக்கக் கணினியோடு வாக்குவாதம் கேட்கும். "இப்பத்தானே சொன்னனான்!", "அது பூச்சியம் இல்லை எண்டு மூண்டாம் வரியில கிடக்கெல்லே!", "சரி, உனக்கு என்னதான் வேணும், சொல்லு!" எப்போதாவது ஒரு நாள் படியிறங்கி வந்து, கல்யாண வீட்டுக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஓமெண்டிட்டுது" என்பான். கணினி ஒத்துக்கொண்டுவிட்டதாம். முதல் தடவை கேட்டபோது பவானி யாரோ பெண்பிள்ளை என்று நினைத்துச் சந்தோசப்பட்டாள்.

ஓய்வு நேரத்தில் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதுகிறவன் நான். எழுதுகிறவனுக்கு இப்படி ஒருவன் கிடைத்தால் சும்மா விடுவானா? பிறந்தநாள் விழா, பூப்புனித நீராட்டு விழா, செத்தவீட்டு அந்தியேட்டி என்று போன இடமெல்லாம் நிறுவுக கதைகளைச் சொன்னேன். வடையைக் கையில் எடுத்ததும் "என்ன அண்ணை, உங்கட நிறுவுக இப்ப என்ன சொல்றார்?" என்று சனம் கேட்கும். பால் போத்தல் கதையில் நாளடைவில் ஒரு அளவுகோல் சேர்ந்தது. குளியலறையில் அரைமணி மூன்று மணியானது. அவனும் சில இடங்களில் பக்கத்தில் நின்றான். "மூண்டு மணி இல்லை அங்கிள், முப்பத்தொரு நிமிசம்" என்று மட்டும் சொல்வான். அதற்கும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அவனை வைத்து நான் பெயரெடுக்கிறேன் என்ற எண்ணம் எனக்கு வரவேயில்லை. நான் அவனுக்குப் பெயர் எடுத்துக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருடம் அவனுக்குக் கலியாணம் பேசினார்கள். ஊரில் இருந்த தாயும், தேம்ஸுக்கு மறுகரையில் நோர்பரியில் இருந்த பெண்ணின் தாயும் போனில் பேசி, பொருத்தம் பார்த்து, பிள்ளைகள் ஒருக்காச் சந்திக்கட்டும் என்று விட்டார்கள். பெண் இங்கே பிறந்தவள், கண் பரிசோதிக்கும் வேலை. விக்ரோறியா ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்துவிட்டு வந்தவனிடம் பவானி கேட்டாள்.

"என்ன தம்பி, எப்பிடி?"

"பிடிச்சிருக்கு அன்ரி."

"ஏன் பிடிச்சிருக்கு?"

"தெரியேல்லை அன்ரி."

பவானி குசினிக்குள் ஓடிவந்து, வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த என் தோளில் அடித்தாள். "இஞ்சேருங்கோ, பொடியன் காரணம் சொல்லேல்லை!" இரண்டாம் தடவை சந்திக்கப் போகும்போது சேர்ட்டை ஸ்திரி போட்டான். மூன்று வருடத்தில் அந்த வீட்டில் அவன் ஸ்திரிப்பெட்டியைத் தொட்டது அதுவே முதல் தடவை.

அடுத்த சனிக்கிழமை காலை, நிறுவுக பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த நேரம், எனக்கு ஒரு போன் வந்தது.

வெளியாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சனத்தில் சம்பந்தம் பேசினால் விசாரிப்பார்கள். மாப்பிள்ளை வேலைசெய்யும் இடம், குடியிருக்கும் வீடு என்று தேடி எடுத்துக் கேட்பார்கள். பதிலுக்கும் ஒரு அளவு உண்டு. "நல்ல பொடியன். குடிவெறி இல்லை. தன்ர பாடு." இவ்வளவுதான். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சொல்லுகிறவர் சொல்லமுடியாத ஒன்றைச் சுற்றி நடக்கிறார் என்று கேட்கிறவருக்கு விளங்கிவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. என் தங்கைக்குப் பேசிவந்த ஒருவரை, அவருடைய முதலாளி ஏழு நிமிடம் புகழ்ந்தார் என்பதற்காகவே வேண்டாம் என்றவன் நான்.

"அண்ணை, நான் நோர்பரியில இருந்து கதைக்கிறன்" என்றார் பெண்ணின் தாய். "உங்கட வீட்டில இருக்கிற தம்பியைப் பற்றி ஒருக்கா..."

"நல்ல பொடியன் அக்கா" என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மறுமுனையில் இதுவரை என் கதை ஒன்றையும் கேட்டிராத ஒரு காது இருந்தது. "எண்டாலும் அக்கா, ஒரு பகிடி கேளுங்கோ..."

பால் போத்தலில் தொடங்கினேன். அவர் சிரித்தார். குளியலறைக்குப் போனேன். இன்னும் சிரித்தார். கணினியோடு சண்டை பிடிப்பதை, இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினேன். "ஐயோ அண்ணை, நாள் முழுக்கவோ?" என்றார். "நாள் முழுக்க அக்கா! கோபம் வந்தால் ரெண்டு நாளைக்கு ரெண்டுபேரும் பேச்சுவார்த்தை இல்லை" என்றேன். இது பொய். ஆனால் நல்ல இடத்தில் விழுந்த பொய். நாற்பது நிமிடம். கடைசியில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி அண்ணை, நல்லா விளங்கிட்டுது" என்றார். போனை வைத்துவிட்டு, பொடியனுக்கு ஒரு நன்மை செய்த திருப்தியோடு நான் புல்லு வெட்டப் போனேன்.

புதன்கிழமை ஊரிலிருந்து அவனுடைய தாய் போன் எடுத்துச் சொன்னாராம்: பொம்பிளை வீட்டுக்காரருக்குச் சரிவரேல்லையாம். காரணம் சொல்லவில்லை. அதையும் யாரும் சொல்வதில்லை.

நிறுவுக அழவில்லை, கத்தவில்லை. ஒரு தாள் எடுத்தான். சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, சரிவராமல் போவதற்கான காரணங்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினான். சாதகம்: பொருந்தியது, வெட்டு. உயரம்: அவளைவிட இரண்டு அங்குலம் கூட, வெட்டு. வேலை: தாய் முதலே ஒத்துக்கொண்டவர், வெட்டு. இரண்டு வரிதான் மிஞ்சியது. அவன் தலையை நிமிர்த்தி என்னிடம் கேட்டான்.

"அங்கிள், உங்களிட்ட ஆரும் என்னைப் பற்றி விசாரிச்சவையோ?"

பவானி கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். அந்த நேரம்தான் எனக்கு நாற்பது நிமிடத்தின் அர்த்தம் விளங்கியது.

"இல்லையே தம்பி" என்றேன்.

பால் போத்தலை நம்பாதவன், வானிலை அறிவிப்பை நம்பாதவன், புத்தகம் எழுதிய பேராசிரியர்களை நம்பாதவன், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி அங்கிள்" என்று சொல்லி, 'விசாரணை' என்ற அந்த வரியை வெட்டினான். மிஞ்சிய கடைசி வரியை மேசைக்கு மறுபக்கத்திலிருந்தே என்னால் வாசிக்க முடிந்தது. 'அவவுக்கு என்னைப் பிடிக்கேல்லை.' அதற்குக் கீழே ஒரு கோடு போட்டான். அவளுடைய நம்பர் அவனிடம் இருந்தது. ஒருபோதும் அவளுக்குப் போன் எடுக்கவில்லை. பிடிக்காத பெண்ணுக்குப் போன் எடுத்துத் தொந்தரவு செய்கிறவன் அல்ல அவன்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் பெரிய அமைதி. பால் முடிந்தது என்றால் "சரி அன்ரி" என்பான். எல்லாரும் சாப்பிட்டாச்சு என்றால், எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்கமாட்டான். மேலே அறையிலும் வாக்குவாதம் நின்றுவிட்டது. இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் பவானி என்னைக் குசினிக் கதவோடு மறித்தாள்.

"பொடியன் இப்ப நாங்கள் சொல்றதை எல்லாம் நம்புறான். எனக்குப் பயமாக் கிடக்கு."

"கலியாணம் குழம்பின கவலை. போகப் போகச் சரிவரும்."

"அண்டைக்குச் சனிக்கிழமை நீங்கள் ஆரோட அவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்? மேல நிண்ட எனக்கே உங்கட சிரிப்புக் கேட்டது."

கவுன்சிலில் எனக்கு முறையீடு எழுதிய எல்லோருடைய சாட்டுகளும் ஒரே நேரத்தில் நாக்குக்கு வந்தன. ஒன்றும் பொருந்தவில்லை. உண்மையைச் சொன்னேன். பவானி திட்டவில்லை. கையிலிருந்த அகப்பையை மெதுவாக வைத்துவிட்டு, "அந்தத் தாளிலை அந்தப் பிள்ளை உங்களை நம்பியெல்லே வெட்டினவன்" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாடிப்படி ஏறினேன். பதின்மூன்று படி. அன்றுதான் எண்ணினேன். கதவு அரைவாசி திறந்து கட்டிலில் இடித்து நின்றது. உள்ளே போகாமல், அந்த இடைவெளியில் முகத்தை வைத்துக்கொண்டு, பாவமன்னிப்புக் கேட்பவன் போல எல்லாவற்றையும் சொன்னேன். யார் எடுத்தார், நான் என்ன சொன்னேன், எத்தனை நிமிடம், பிறகு அவனிடம் என்ன சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று காத்து நின்றேன். அவன் மேசை லாச்சியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தான். இரண்டு மாதமாக வைத்திருந்திருக்கிறான். கடைசி வரியைப் பார்த்தான்.

"அப்ப இது பிழை" என்றான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பிழையெண்டு சொல்ல ஏலாது. நிறுவப்படேல்லை, அவ்வளவுதான். மிஷினுக்குள்ள ஒரு பொய் வரியை விட்டால் அது எதையும் நிறுவித் தரும் அங்கிள். ஒண்டும் ரெண்டும் சமன் எண்டும் நிறுவும். நான் அதைத்தான் செய்திருக்கிறன்."

"சொறி தம்பி" என்று இங்கிலிசில் மன்னிப்புக் கேட்டேன். அதைவிட நல்ல சொல் எந்த மொழியிலும் அப்போது கிடைக்கவில்லை.

"எங்கட புரோகிராமிலும் அந்தச் சொல் இருக்கு" என்றான், ஏதோ பாடம் சொல்வதுபோல. "ஒரு படியை நிறுவ ஏலாட்டில் அந்த இடத்தில 'சொறி' எண்டு எழுதலாம். தற்காலிகமா ஒத்துக்கொண்டு மேல போக விடும். ஆனா அதுக்குக் கீழ ஒரு மஞ்சள் கோடு போட்டு வைக்கும். பிறகு வந்து நிரப்புமட்டும் அது போகாது."

மஞ்சள் கோட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இங்கே தெருவோர மஞ்சள் கோட்டில் காரை நிறுத்தித் தண்டம் வாங்கியவர்களின் முறையீட்டை வாசித்துத்தான் நான் சோறு தின்கிறேன்.

அடுத்த ஞாயிறு, ரயில் மாறி ரயில் ஏறி, நோர்பரிக்குப் போனேன். பெண்ணின் தாய் கதவைத் திறந்தார். குரலை வைத்து என்னை அடையாளம் கண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார். மரியாதையாக இருத்தினார்.

"அக்கா, நான் அண்டைக்குச் சொன்னதெல்லாம்..."

"பொய்யோ அண்ணை?"

"இல்லை அக்கா, அனேகமா உண்மை."

"அப்ப?"

அப்ப என்ற அந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. "உண்மைதான், ஆனா நான் சொன்ன மாதிரி இல்லை. அவன் நல்ல பொடியன். குடிவெறி இல்லை. தன்ர பாடு" என்றேன். இரண்டு மாதம் பிந்திய இரண்டு நிமிடம்.

அவருடைய முகம் மாறியது. "அண்ணை, போன கிழமைதான் வேற ஒரு இடத்தில கலியாணம் முற்றாக்கினனாங்கள். பிள்ளையும் ஓமெண்டிட்டுது."

பிள்ளை தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது.

"அங்கிள், அந்த பாத்ரூம் ஸ்டோரி உண்மையோ?"

"ஓம் பிள்ளை. மூண்டு மணித்தியாலம் இல்லை. முப்பத்தொரு நிமிசம்."

"எனக்கும் தேர்ட்டி வன் எண்டுதான் சொன்னவர்." அவள் சிரித்தாள். "அதாலதான் அங்கிள் எனக்கு அவரைப் பிடிச்சது. அம்மா வேண்டாமெண்டு சொன்னாப் பிறகும் அவர் கோல் பண்ணுவார் எண்டு வெயிட் பண்ணினனான். வை டிட் ஹீ நொட் கோல்?"

"என்னால பிள்ளை" என்றேன்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். ஒரு சொட்டும் சிந்தாமல் வைத்தாள். பிறகு, "பால் போட்டிருக்கு, ஓகேயா அங்கிள்?" என்று மட்டும் கேட்டாள். அந்தத் தேத்தண்ணியை நான் குடித்தேன். குடிக்காமல் எழும்புவதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

வீட்டுக்கு வந்து அதையும் சொன்னேன். நிறுவுக கேட்டுக்கொண்டிருந்தான். "அப்ப அவவுக்குப் பிடிச்சிருந்தது" என்றான். "ஓம்" என்றேன். "கோல் பண்ணுவன் எண்டு நிண்டவ?" "ஓம் தம்பி." மாடிப்படி ஏறிப் போனான். சிறிது நேரத்தில் மேலேயிருந்து "அது பூச்சியம் இல்லையெண்டு எத்தனை தரம் சொல்லுறது!" என்ற சத்தம் கேட்டது. பவானி அகப்பையோடு நின்று கண்ணைத் துடைத்தாள்.

ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு அவன் ஸ்கொட்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டான். இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கோ என்றான், ஆனால் அந்த நாற்பது நிமிசத்தையும், பிறகு சொன்ன 'இல்லையே'யையும் சேர்த்து எழுதினால்தான் என்றான். ஆகவே எழுதியிருக்கிறேன். எந்த விழாவிலும் இப்போது நான் அவன் கதையைச் சொல்வதில்லை. வடையைத் தின்றுவிட்டு வந்துவிடுகிறேன். என்னை மன்னித்துவிட்டானா என்று கேட்கவும் எனக்குத் துணிவில்லை. கேட்டால் சரியான பதிலைச் சொல்லிவிடுவான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறான். "சுகமோ அங்கிள்?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் இருப்பான். எங்கள் சனத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு யாரும் பதிலுக்கு நிற்பதில்லை. அவன் நிற்பான். சுகம் என்று சும்மா சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. போன ஞாயிறு, "முழங்கால் நோகுது தம்பி" என்றேன்.

"எந்த முழங்கால் அங்கிள்?"

"இடது."

மூன்றாம் நாள் தபாலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே முழங்காலுக்குப் போடும் பட்டி. ஒன்றே ஒன்று. இடக்காலுக்கு என்று பெட்டியில் எழுதியிருந்தது. வலது முழங்காலும் நோகத்தான் செய்கிறது. வருகிற ஞாயிறு அவனிடம் சொல்லிவிட வேண்டும்.